சவரக்கத்தியும் தண்ணீர்க்கல்லும்: கூர் எந்தக் கல்லில் பிறக்கிறது?

மடக்கு சவரக்கத்தியைத் தீட்டுவது பற்றி இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடத்தில் தீட்டுகல்லின்மேல் எழுதியிருக்கும் எண்கள் வந்துவிடும். 8000 கல்லே போதும் என்பார் ஒருவர். 12000 தாண்டாத கத்தியை முகத்தில் வைக்கவே கூடாது என்பார் இன்னொருவர். பக்கத்தில் நின்று கேட்கிற புதியவருக்கு ஒன்றுதான் மனதில் பதியும்: எண் ஏற ஏறக் கூரும் ஏறும், ஆகவே இருப்பதிலேயே பெரிய எண்ணாகப் பார்த்து ஒரு கல் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது.

நானும் அப்படித்தான் வாங்கினேன். என் முதல் கல்லே 12000. மழுங்கிப்போன பழைய கத்தி ஒன்றை அதன்மேல் இரண்டு மணி நேரம் தேய்த்தேன். கத்தி கண்ணாடிபோல் மின்னியது. கன்னத்தில் வைத்து இழுத்தால் முடியை வெட்டவில்லை, பிடுங்கியது. கல்லில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கல்லிடம் அதன் வேலையல்லாத வேலையை நான் கேட்டிருந்தேன். அது என்ன வேலை என்று புரிந்தால் எந்தக் கல், எத்தனை கல் என்ற கேள்விகளுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

## கூர் என்பது இரண்டு சரிவுகள் கூடும் இடம்

இரண்டு பக்கமும் சரிந்த ஓட்டுக்கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். இரு சரிவுகளும் மேலே ஏறி வந்து ஒரு கோட்டில் முட்டிக்கொள்கின்றன. அதுதான் முகடு. கத்தியின் விளிம்பும் இதே மாதிரிதான். இரு பக்கமும் கல்லில் தேய்ந்து உண்டான இரண்டு குறுகிய பட்டைகள் ஒரு கோட்டில் கூட வேண்டும். இந்தப் பட்டையைத்தான் இனி சரிவு என்று சொல்லப்போகிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய வெள்ளிக் கோடுபோலத் தெரியும்.

மழுங்கிய கத்தியில் முகடு இல்லை. சரிவுகள் ஒன்றையொன்று தொடுவதற்கு முன்பே நின்றுவிடுகின்றன. உச்சியில் ஒரு குட்டி மொட்டைமாடி இருக்கிறது, அவ்வளவுதான். அதன் அகலம் சில மைக்ரான்களாக இருந்தாலே போதும், கத்தி முடியைப் பிடுங்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனித முடியின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான். நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் விளிம்பு ஒரு மைக்ரானுக்கும் கீழே இருக்கும்.

காய் நறுக்கும் கத்திக்கு இவ்வளவு தேவையில்லை. அடியில் பலகை இருக்கிறது, கை அழுத்தம் கொடுக்கிறது, விளிம்பில் கொஞ்சம் பல் இருந்தால் தக்காளித் தோலுக்கு நல்லதும்கூட. சவரத்தில் முடிக்கு அண்டை கொடுக்க எதுவும் இல்லை. ஒரு முனை தோலில், மறு முனை காற்றில். விளிம்பு பட்டவுடன் உள்ளே இறங்காவிட்டால் முடி வளைந்துகொடுக்கும், வேரோடு சேர்ந்து தோலும் இழுபடும். போதாததற்கு அந்த விளிம்பு உரசிப்போவதோ உயிருள்ள தோல்மேல். அதனால் கூராக இருந்தால் மட்டும் போதாது, வழவழப்பாகவும் இருக்க வேண்டும்.

ஆக, வேலை இரண்டு. முதலாவது, சரிவுகளை முட்டவைத்து முகட்டை உண்டாக்குவது. இரண்டாவது, அந்த முகட்டை வழவழப்பாக்குவது. தரமான 12000 கல் இரண்டாவது வேலையை அழகாகச் செய்யும். முதல் வேலை அதற்கு ஆகாது. நான் இரண்டு மணி நேரம் செய்தது மொட்டைமாடிக்கு மெருகு போட்ட வேலை.

## முதுகு ஏன் அவ்வளவு தடிமன்?

சவரக்கத்தி வேறு எந்தக் கத்தியிலும் காணாத ஒரு வசதியோடு பிறக்கிறது. சமையல் கத்தியைத் தீட்டும்போது கல்லுக்கும் கத்திக்கும் உள்ள கோணத்தைக் கைதான் பிடித்து வைத்திருக்க வேண்டும். அது பழக வருடங்கள் ஆகும். சவரக்கத்தியைக் கல்மேல் படுக்க வைத்தாலே போதும். முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். நடுவில் குழிந்த பகுதி தொடாது. கோணத்தை முதுகின் தடிமன் தீர்மானித்துவிடுகிறது.

முதுகு 5 மில்லிமீட்டர் தடிமன், முதுகிலிருந்து விளிம்பு வரை 18 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இரு சரிவுகளுக்கும் இடையே ஏறக்குறைய 16 பாகைக் கோணம் வரும். சமையல் கத்தியில் இது பொதுவாக 30-ஐத் தாண்டும். இதிலிருந்து வருகிற விதி ஒன்றே ஒன்று: தீட்டும்போது முதுகைக் கல்லிலிருந்து தூக்கவே கூடாது. "லேசாகத் தூக்கினால் சீக்கிரம் கூராகும்" என்று சொல்பவர் சமையல் கத்தி நினைப்பில் சொல்கிறார்.

முதுகும் கூடவே தேய்கிறதே என்று சிலர் அதன்மேல் மின்கம்பிக்கு ஒட்டும் டேப்பை ஒரு சுற்று ஒட்டுவார்கள். அதனால் கோணம் ஒரு பாகை அளவுக்குக் கூடும், முதுகு கீறல் படாமல் இருக்கும். ஒட்டலாம், ஒட்டாமலும் இருக்கலாம். ஆனால் ஒரு தடவை ஒட்டித் தீட்டிய கத்தியை அடுத்த தடவை ஒட்டாமல் தீட்டினால் சரிவின் அடிப்பகுதிதான் கல்லில் படும், விளிம்பு கல்லைத் தொடவே தொடாது. எது உங்கள் வழக்கமோ அதை மாற்றாதீர்கள்.

## கல்லில் தண்ணீர் எதற்கு?

தண்ணீர்க்கல் என்பது தண்ணீர் விட்டுத் தீட்டும் கல். இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஆலையில் செய்தவை. அலுமினியம் ஆக்சைடு அல்லது சிலிக்கன் கார்பைடு துகள்களை ஒரு பிணைப்புப் பொருளோடு கலந்து கட்டியாக்குகிறார்கள். உருண்டைக்குள் எள்ளைப் பிசைந்து வைத்தது போல என்று வையுங்கள். இரும்பை அறுப்பது எள். அதைப் பிடித்து வைத்திருப்பது மாவு.

தேய்க்கத் தேய்க்க மேலே இருக்கும் துகள்கள் முனை மழுங்கும். பிணைப்பு சற்று மென்மையாக இருந்தால் அவை உதிர்ந்து, கீழே இருக்கும் புதுத் துகள்கள் மேலே வரும். உதிர்ந்த துகள், இரும்புத் தூள் எல்லாவற்றையும் தண்ணீர் ஏந்திக்கொண்டு விலக்குகிறது. தண்ணீர் இல்லையென்றால் இரும்புத் தூள் கல்லின் துளைகளை அடைத்து, கல் வழுக்க ஆரம்பித்துவிடும். கத்தி சூடேறாமல் இருக்கத்தான் தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். கையால் மெல்லத் தீட்டும்போது சொல்லிக்கொள்ளும்படியான சூடே உண்டாவதில்லை. தண்ணீர் இங்கே துப்புரவு வேலை பார்க்கிறது. எண்ணெய் விட்டுத் தீட்டும் கற்களும் உண்டு. ஆனால் தண்ணீர்க்கல்லில் எண்ணெய் விட்டால் அது உள்ளே ஊறி அடைத்துக்கொள்ளும்.

ஊறவைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாக் கல்லும் ஒரே மாதிரி தண்ணீர் குடிப்பதில்லை. துளை அதிகமுள்ள கற்களைத் தண்ணீரில் போட்டால் குமிழி விடும். குமிழி நிற்கும் வரை, ஐந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அடர்த்தியான கற்களுக்கு மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்தாலே போதும். மெக்னீசியா பிணைப்புள்ள கற்களை நெடுநேரம் ஊறப்போட்டால் பிணைப்பு கரைந்து வெடிப்பு விடும். ஆகவே கல்லோடு வரும் தாளைப் படித்துவிட்டுத் தண்ணீரில் போடுங்கள்.

## எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

கல்லின் மேல் எழுதியிருக்கும் 1000, 4000, 8000 எல்லாம் கிரிட் எண்கள். கிரிட் என்றால் துகளின் பொடித்தன்மை. மாவு சலிக்கும் சல்லடையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்று எண்ணிய பழக்கத்தில் பிறந்த கணக்கு இது. எண் கூடினால் துகள் பொடியாகும். ஜப்பானிய அளவுமுறையில் 1000 கல்லின் துகள் சுமார் 12 மைக்ரான், 4000 என்றால் சுமார் 3, 8000 என்றால் ஒன்றைச் சற்றுத் தாண்டும். இவ்வளவு பொடியைச் சலிக்கச் சல்லடை கிடையாது. வேறு முறைகளில் அளக்கிறார்கள், பெயர் மட்டும் எண்ணாகவே நிலைத்துவிட்டது.

ஒவ்வொரு துகளும் சரிவின்மேல் ஒரு கீறல் போடுகிறது. கீறல் விளிம்புவரை ஓடி, அங்கே ஒரு சிறு பள்ளத்தை விட்டுச்செல்கிறது. பெரிய துகள் ஆழமாகக் கீறும், விளிம்பு ரம்பம்போல இருக்கும். அப்புறம் பொடித் துகள் அந்த ரம்பத்தின் பற்களை இழைத்துச் சின்னதாக்கும். மரம் இழைப்பவர் முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மெல்லிய தாளுக்கு வருவதும் இதே கணக்குத்தான். கோணலான பலகையை மெல்லிய தாளால் தேய்த்து நேராக்க எந்த ஆசாரியும் உட்கார மாட்டார்.

எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. ஐரோப்பிய முறையில் பி1000 என்று அச்சிட்ட உப்புத்தாளின் துகள் சுமார் 18 மைக்ரான். 1000 கல்லுக்குப் பக்கத்தில் வருவது பி1500 தாள்தான். கல்லுக்குக் கல்லும் வேறுபடும். ஒரே 8000 என்று எழுதிய இரண்டு கற்களில் ஒன்று கடினமாகவும் வேகமாகவும் இருக்கலாம், இன்னொன்று மென்மையாக, மெதுவாக இருக்கலாம். பிணைப்பைப் பற்றி எண் வாயே திறப்பதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். குறைந்த எண் கல் இரும்பை எடுத்து முகட்டை உண்டாக்கும். கூடிய எண் கல் முந்தைய கல் விட்ட கீறலைக் குறைக்கும். முகடே இல்லாத கத்தியில் கூடிய எண் கல்லுக்கு வேலையே இல்லை.

## இயற்கைக் கற்கள்

இவற்றின் கவர்ச்சி தனி. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வில்சால்ம் ஊரைச் சுற்றிக் கிடைக்கும் கோட்டிக்யூல் என்ற வெளிர்மஞ்சள் கல்லில் அறுக்கிற வேலையைச் செய்வது கார்னெட் என்ற கடினமான கனிமத்தின் நுண்ணிய மணிகள். ஜப்பானில் கியோட்டோவை ஒட்டிய மலைகளில் தோண்டிய கற்களுக்குப் பெரிய பெயர் உண்டு. நாகயாமா, ஒசுகு என்று சுரங்கத்தின் பெயராலேயே அழைக்கிறார்கள். ஜெர்மனியின் துரிங்கியாவில் கிடைத்த பலகைக்கற்களும் சவரக்கத்திக்குப் பேர்போனவை.

இவற்றில் கிரிட் எண் கிடையாது. விற்பவர் ஏதாவது எண் சொன்னால் அது அவருடைய ஊகம். ஒரே சுரங்கத்தில் எடுத்த இரண்டு கற்கள்கூட ஒரே மாதிரி இருக்காது. என் அபிப்பிராயம், முதல் கல்லாக இயற்கைக் கல் வேண்டாம். சவரம் சரியாக வரவில்லையென்றால் கல் காரணமா கை காரணமா என்று தெரியாமல் தவிப்பீர்கள். கை பழகியபின் வாங்கினால், அந்தக் கல்லின் குணத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு தனி சுகம்.

கோட்டிக்யூல் வைத்திருப்பவர்கள் பேச்சில் கல்பால் அடிக்கடி வரும். சின்னக் கல் துண்டு ஒன்றால் பெரிய கல்லை ஈரத்தோடு தேய்த்தால் பால்போல ஒரு குழம்பு உண்டாகும், அதுதான். குழம்பில் மிதக்கும் துகள்கள் வேகமாக அறுக்கும். ஆனால் விளிம்பு அந்தத் துகள்கள்மேல் மோதிக்கொண்டே போவதால் ஒரு கட்டத்துக்குமேல் கூர் ஏறாது. அதனால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழம்பை நீர்க்க வைத்து, கடைசியில் வெறும் தண்ணீரில் முடிப்பார்கள். ஒரே கல் முரட்டுக் கல்லாகவும் மெருகுக் கல்லாகவும் நடிப்பது இப்படித்தான்.

## எதை வாங்குவது?

கத்தி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழகிய ஒருவர் தீட்டிக் கொடுத்த கத்தியென்றால் உங்களுக்கு 8000-க்கும் 12000-க்கும் இடையில் ஒரே ஒரு கல் போதும். கூர் லேசாகக் குறையும்போதெல்லாம் அதில் கொஞ்சம் இழுத்து மீட்டுக்கொள்ளலாம்.

பழைய கத்தியை உயிர்ப்பிக்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் நானே செய்வேன் என்றால் ஒரு 1000, ஒரு 4000 அல்லது 5000, ஒரு 8000. ஒரு பக்கம் 4000, மறுபக்கம் 8000 என்று இரட்டைக் கல்லாக நார்ட்டன் விற்கிறது. கிங் நிறுவனத்தின் 1000/6000 இரட்டைக் கல்லும் பரவலாகப் புழங்குகிறது. 12000 இருந்தால் தோலுக்கு இதம். இல்லையென்றால் குடி முழுகிவிடாது. வழக்கமான 200-க்கு 70 மில்லிமீட்டர் அளவே தாராளம்.

கல்லோடு சேர்த்து வாங்கியே ஆக வேண்டிய, ஆனால் எல்லோரும் தள்ளிப்போடும் பொருள் ஒன்று உண்டு: கல்லைச் சமப்படுத்தும் வைரத் தகடு.

## எறும்பு ஊரவே கல் தேயுமென்றால்

இரும்பு உரசினால் தேயாதா? தீட்டத் தீட்டக் கல்லின் நடுப்பகுதி குழியும். கண்ணுக்குத் தெரியாத குழியாக இருந்தாலும் சவரக்கத்திக்கு அது பெரிய விஷயம். சரிவின் அகலமே ஒரு மில்லிமீட்டர் தேறாது. அதுவும் முதுகும் ஒரே சமதளத்தில் படுகின்றன என்ற நம்பிக்கையில்தான் கோணமே நிற்கிறது. தளம் கோணினால் விளிம்பின் ஓரிடம் தேயும், ஓரிடம் தொடாமலே போகும்.

கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போடுங்கள். தண்ணீர் விட்டு வைரத் தகட்டால் தேயுங்கள். மேட்டில் இருக்கும் கோடு முதலில் அழியும், பள்ளத்தில் இருப்பது கடைசிவரை நிற்கும். எல்லாக் கோடும் அழிந்தால் கல் சமம். தகடு இல்லாதவர்கள் தடித்த கண்ணாடித் துண்டின்மேல் நீரில் நனையும் உப்புத்தாளை ஒட்டி இதையே செய்யலாம். கல்லின் ஓரங்களையும் லேசாக உருட்டிவிடுங்கள். கூரான ஓரத்தில் விளிம்பு இடித்தால் செய்த வேலையெல்லாம் வீண். புதுக் கல்லுக்கும் முதலில் இதைச் செய்ய வேண்டும். கடையிலிருந்து வருவதெல்லாம் சமமாக இருக்கும் என்பது நம் ஆசை மட்டும்தான்.

## கல்மேல் கத்தி

கல் நகராமல் ஈரத்துணிமேல் வையுங்கள். கத்தியைப் படுக்க வைத்து, விளிம்பு முன்னே போகும்படி, கல்லின் முகத்தை மெல்லச் சீவி எடுப்பதுபோலத் தள்ளுங்கள். கல்லின் மறுகோடி வந்ததும் கத்தியை முதுகின்மேல் உருட்டித் திருப்பி, மறுபக்கத்தை உங்களை நோக்கி இழுங்கள். போய் வந்தால் ஒரு சுற்று. கத்தியின் விளிம்பு பெரும்பாலும் கல்லின் அகலத்தைவிட நீளமாக இருப்பதால் நேராகத் தள்ளினால் ஒரு பகுதி விட்டுப்போகும். பிடிப்பக்கத்தில் தொடங்கி, தள்ளும்போதே குறுக்காக நகர்த்தி, முனைப்பக்கத்தில் முடித்தால் விளிம்பு முழுவதும் கல்லில் படும்.

அழுத்தம்தான் எல்லோரும் தவறும் இடம். விளிம்பு அவ்வளவு மெல்லியது, அழுத்தினால் வளையும். வளைந்து தேய்ந்தால் சரிவுகள் ஒழுங்காகக் கூடாது. 1000 கல்லில் ஒரு விரலின் எடை சேரலாம். 8000-க்கு வந்தபின் கத்தியின் சொந்த எடையே போதும்.

1000 கல்லில் எத்தனை சுற்று என்று கேட்காதீர்கள். முகடு உருவாகும் வரை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சரிவின்மேல் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு ஒரு சுற்று தீட்டுங்கள். மை மிச்சமிருக்கும் இடத்தில் கல் படவில்லை. விளிம்பை ஒட்டி மை நின்றால் வேலை இன்னும் பாக்கி. அடுத்தது, விளக்குக்கு அடியில் விளிம்பை நேராக மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். முகடு கூடிய இடம் தெரியாது, ஏனென்றால் ஒளியைத் திருப்பியனுப்ப அங்கே பரப்பே இல்லை. வெள்ளையாகப் புள்ளியோ கோடோ மின்னினால் அங்கே இன்னும் மொட்டைமாடி. மூன்றாவது, கைமுடி: 1000 கல்லிலிருந்து எடுத்த கத்தியே முன்கை முடியைத் தோலை ஒட்டி மழிக்க வேண்டும், பிடிப்பக்கம் முதல் முனைவரை ஒரே மாதிரி. இந்த மூன்றும் தேறாமல் அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள். நகத்தின்மேல் விளிம்பை இழுத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. 8000-க்குப்பின் அதைச் செய்தால் பதம் பார்க்கப்போய்ப் பதத்தையே கெடுத்துக்கொள்வீர்கள்.

1000 கல் தேறிவிட்டால் மீதியெல்லாம் சுலபம். 4000-இல் முந்தைய கீறல்கள் மறையும் வரை, 8000-இல் இருபது முப்பது சுற்று, 12000 இருந்தால் பத்துப் பதினைந்து. அதிகம் தேய்த்தால் அதிகம் கூர் என்பது இங்கே செல்லாது. அளவுக்கு மீறித் தேய்த்தால் விளிம்பில் தாள்போல ஒரு மெல்லிய பிசிறு தொங்கும். பிசிறு முதலில் கூராகத் தோன்றும், இரண்டாவது சவரத்தில் உடைந்துபோகும். கல் மாறும்போது கத்தியையும் கையையும் கழுவிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு 1000 துகள் 8000 கல்லுக்கு வந்துவிட்டால் அது போடும் கீறல் போகவே போகாது.

## வாருக்கும் கல்லுக்கும் உள்ள வேறுபாடு

கடைசியாகத் தோல்வார். கல்லில் விளிம்பு முன்னே போகும். வாரில் முதுகுதான் முன்னே போக வேண்டும். மறந்தால் வார் இரண்டு துண்டு. வார் இரும்பை எடுப்பதில்லை என்றே சொல்லலாம். சவரத்தில் லேசாகக் கலைந்த விளிம்பைத் தடவி நேர்படுத்துகிறது. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் முப்பது நாற்பது சுற்று வாரில் இழுத்தால் கல்லை எடுக்கும் நாள் தள்ளிப்போகும்.

வாரில் இழுத்தும் கத்தி பிடுங்க ஆரம்பித்தால் கடைசிக் கல்லில் பத்துச் சுற்று. பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் 4000-க்கு இறங்குங்கள். விளிம்பில் பல் விழுந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் 1000. தீட்டி முடித்த கல்லை வெயிலில் வைக்காமல் நிழலில் காய விடுங்கள். ஈரக் கல்லைப் பெட்டிக்குள் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.